கடைசி வரியில் ஒரு எழுத்து

என் மகளின் இடது கண்ணுக்கு எவ்வளவு தெரியும்?

ஒரு தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டிய பதில். எனக்குத் தெரியாது. அவளுக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவருக்கும் தெரியாது. தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி அவர் நினைப்பதற்குக் காரணம் நான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கண் பரிசோதனையில் எப்படி ஏமாற்றுவது என்று என் மகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்போது அவளுக்கு ஆறு வயது.

இதைப் படிக்கும் நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளியுங்கள். ஆனால் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

நாங்கள் மந்தைவெளியில் இருக்கிறோம். கணவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் வேலை. ஷைனி எங்களுக்கு ஒரே பெண். அடையாறில் உள்ளரங்க இறகுப்பந்துக் கூடம் ஒன்று இருக்கிறது. கோடை விடுமுறையில் சும்மா பழகட்டும் என்று அங்கே சேர்த்தோம். ஒரே வாரத்தில் அவள் சாப்பிடும்போதும் மட்டையை மடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். விடுமுறை முடிந்தபின் நன்றாக ஆடும் சில குழந்தைகளை மட்டும் நிரந்தர வகுப்புக்கு எடுப்பார்கள். அதற்கு முன்னால் ஓர் உடற்தகுதிப் பரிசோதனை உண்டு.

“பயப்பட ஒண்ணும் இல்ல மேடம்” என்றார் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர். “ஹைட்டு, வெயிட்டு, மூச்சு, கண்ணு. அவ்ளோதான். புள்ள நல்லா கீதான்னு பாத்துக்கறோம்.”

பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்று பார்க்கிறார்கள். இவ்வளவு எளிமையாகத்தான் சொன்னார். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் இல்லை, அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எந்த அம்மாவுக்குமே கேட்கவில்லை. எல்.கே.ஜி. சேர்க்கைக்கே பிள்ளையைத் தயார் செய்து கூட்டிப்போனவர்கள் நாங்கள். எதையாவது சோதிக்கிறார்கள் என்றால் அதற்குப் பாடம் இருக்கும், பாடம் இருந்தால் படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்று மாலையே பெற்றோர் வாட்ஸப் குழுவில் ரோஹித்தின் அம்மா ஒரு படம் போட்டார். கூடத்து அலுவலக அறைச் சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டை. மேலே பெரிதாக ஓர் ஆங்கில எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்துகள்.

“போன வருஷமும் இதே சார்ட்தான். பிராக்டீஸ் பண்ணிக்கோங்க” என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நன்றி சொன்னவர்களில் நானும் உண்டு.

ஒருவருக்காவது சிரிப்பு வந்திருக்க வேண்டாமா? கண் பரிசோதனைக்கு யாராவது பிராக்டீஸ் செய்வார்களா என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா?

தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் கேட்டார். பெரிய தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு, “இன்னா மேடம், வீட்லயே கண்ணாஸ்பத்திரி தொறக்கறீங்களா?” என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

பீரோ கதவில் ஒட்டி, எதிரே கட்டிலோரத்தில் ஷைனியை நிற்க வைத்தேன். முதலில் இடது கண்ணை மூடச் சொன்னேன். எல்லா வரியும் படித்தாள். பெருமையாக இருந்தது. அடுத்து, வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன்.

மேலே இருந்த பெரிய எழுத்தைச் சொன்னாள். பிறகு நின்றுவிட்டாள்.

“அம்மா, கைய எடு. மறைக்குது.”

“இந்தக் கண்ணத்தானேடி மூடியிருக்கேன். அந்தக் கண்ணால பாரு.”

“அந்தக் கண்ணுல புகை மாதிரிதாம்மா இருக்கும்.”

“எப்பலேர்ந்து?”

“எப்பவும் அப்டித்தானே?”

எல்லோருக்குமே ஒரு கண் அப்படித்தான் இருக்கும் என்று என் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்...

என் கை அவள் முகத்தின் மேலேயே இருந்தது. அந்த நிமிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். அங்கிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு நேராக மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். ஆழ்வார்பேட்டைக்கு ஆட்டோவில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். போகவில்லை.

ஏன்?

காரணம் சொல்கிறேன், சமாதானம் இல்லை. நான் மூன்றாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறவள். கான்வென்ட்டில் என்னைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் ஒருவர்கூட ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டில் யாரோ “பவர் எவ்ளோ?” என்று கேட்க, என் அப்பா பாதியாகக் குறைத்துச் சொன்னார். ஷைனி பிறந்தபோது அவள் கண்களைத்தான் முதலில் பார்த்தேன். என்னுடையது அவளுக்குப் போயிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். போயிருக்கிறது என்பது அன்று அந்தக் கட்டிலோரத்தில் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் அதை மறைக்கத்தான் தோன்றியது.

முதலில் வகுப்பில் சேரட்டும், அப்புறம் கண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு, வரிவரியாக. எழுத்துக்கு ஒரு விரல். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுக்கொண்டே போனால் எண்ணிக்கை தப்பாது என்று காட்டினேன். ஷைனி சட்டென்று பிடித்துக்கொள்ளும் பிள்ளை. சீக்கிரமே கடகடவென்று ஒப்பித்தாள். அந்த வேகம் எனக்குப் பயமாக இருந்தது.

“இவ்ளோ ஃபாஸ்ட்டா சொல்லாத. கொஞ்சம் கண்ணச் சுருக்கு. யோசிக்கிற மாதிரி நிறுத்து.”

நிறுத்தினாள்.

“கடைசி வரில ஒரு எழுத்த வேணும்னே தப்பா சொல்லு. ஒடனே ‘இல்ல இல்ல’ன்னு திருத்திக்கோ. அப்பதான் நெஜமா படிக்கிற மாதிரி இருக்கும்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அது பொய்யில்லியாம்மா?”

“பொய் இல்ல செல்லம். பிராக்டீஸ்.”

இதை எழுதும்போது கை கூசுகிறது. மனப்பாடம் செய்ய வைத்ததைக்கூட அவசரத்தில் செய்த முட்டாள்தனம் என்று நீங்கள் மன்னிக்கலாம். அந்தத் தப்பான எழுத்து? அதை நான் நிதானமாக யோசித்தல்லவா சேர்த்தேன்?

பரிசோதனை அன்று ஓர் இளம்பெண் வந்திருந்தாள். தெத்துப்பல், நல்ல சிரிப்பு. ஒவ்வொரு குழந்தையிடமும் பெயர் கேட்டு, பிடித்த தின்பண்டம் கேட்டு, அதன் பிறகுதான் கண்ணை மூடச் சொன்னாள். ஷைனி சொல்லிக்கொடுத்தபடியே நின்றாள், சுருக்கினாள், யோசித்தாள். கடைசி வரியில் தவறினாள், திருத்திக்கொண்டாள்.

“சூப்பர் பாப்பா! கழுகுக் கண்ணு உனக்கு” என்றாள் அந்தப் பெண்.

ஷைனி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் கண்ணைப் பார்த்துக்கொண்டோமா? இல்லை. பள்ளி திறந்தது. பிறகு மழை, பிறகு கிறிஸ்துமஸ், பிறகு தேர்வுகள். கேட்பதற்கு எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். உண்மை வேறு. மருத்துவரிடம் போனால், போன பரிசோதனையில் எப்படித் தேறினாள் என்று யாராவது கேட்பார்களே என்ற பயம்தான் என்னை நிறுத்தியது. அவள் நன்றாகத்தான் ஆடினாள். இடது பக்கம் வரும் பந்தை மட்டும் கொஞ்சம் தாமதமாக எடுப்பாள். “பேக்ஹேண்டு வீக்கா கீது மேடம், பிராக்டீஸ்ல சரியாய்டும்” என்பார் மாஸ்டர். நான் தலையாட்டுவேன்.

இடையில் ஒன்று நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். முதல் நற்கருணைக்கு ஷைனி தயாரானாள். அதற்கு முன் முதல் பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது. சாமியாரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று என் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள். அம்மாவை எதிர்த்துப் பேசினது, அப்பா ஃபோனைக் கேட்காமல் எடுத்தது...

“கண் டெஸ்ட்ட சொல்லணுமாம்மா?”

“அது பாவம் இல்லடி. அத எதுக்கு ஃபாதர்கிட்ட சொல்லிக்கினு?”

தலையாட்டிவிட்டாள். என் வார்த்தையை நம்பிக் கோயிலுக்குள் போனாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நானும் நின்றேன். கோபப்படுகிறேன், பொறுமையில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அவள் நான்காம் வகுப்புப் போனபோது பள்ளியில் மருத்துவ முகாம் நடத்தினார்கள். அங்கே வந்தவர்கள் எழுத்து அட்டை கொண்டுவரவில்லை. ‘இ’ என்ற ஒரே ஆங்கில எழுத்தைப் பல பக்கம் திருப்பித் திருப்பிப் போட்ட அட்டை. அதன் பற்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று குழந்தை கையால் காட்ட வேண்டும். அதற்கு மனப்பாடம் இல்லை.

இடது கண்ணை உடனே காட்டச் சொல்லிப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது.

ஆழ்வார்பேட்டையில் அந்த மருத்துவர், நடுத்தர வயதுப் பெண்மணி, வெகுநேரம் பார்த்தார். ஷைனியின் இரண்டு கண்ணுக்கும் பிறவியிலிருந்தே பவரில் பெரிய வித்தியாசம் என்றார். மங்கலாகத் தெரியும் கண்ணை மூளை ஒதுக்கிவிட்டது. சோம்பேறிக் கண் என்று அதற்குப் பெயராம். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒட்டி மூடி, இந்தக் கண்ணை வேலை வாங்க வேண்டும்.

“ஆறு வயசுல வந்திருந்தா ரொம்ப ஈசியா இருந்திருக்கும்மா” என்றார். “இப்பவும் முயற்சி பண்ணலாம். ஆனா வயசு ஏற ஏற கஷ்டம். இந்த மாசங்கள விட்டுடக் கூடாது. இதுக்கு முன்னாடி எங்கயும் கண் பாக்கலியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார். “பாத்தாங்களே டாக்டர். பேட்மிண்டன்ல சேக்கும்போது பாத்தாங்க. கிளியர்னு சொன்னாங்க.”

மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார்.

அன்று மாலையே என் கணவர் நேராக அடையாறு கூடத்துக்கு வண்டியை விட்டார். குரல் உயர்த்தாத மனிதர். அன்று உயர்த்தினார். “எம் பொண்ணு கண்ணு சார். கண்ணு. என்ன செக்கப் பண்ணீங்க நீங்க?”

மாஸ்டர் கையைப் பிசைந்தார். “டென்ஷன் ஆவாதீங்க சார். அந்தப் பொண்ண இனிமே கூப்ட மாட்டோம் சார். தப்புதான் சார்.”

கழுகுக் கண்ணு என்று சொன்ன அந்தத் தெத்துப்பல் பெண். நான் பக்கத்திலேயே நின்றேன். எதிரே கட்டியிருந்த வலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கணவருக்கு இன்றுவரை அவள்தான் குற்றவாளி.

சிகிச்சை ஆரம்பித்தது. பள்ளி விட்டு வந்ததும் வலது கண்ணில் தோல்நிற ஒட்டு. தூங்கப் போகும்வரை எடுக்கக் கூடாது. ஒட்டோடு பந்து தெரியாது, அதனால் விளையாட்டு இல்லை. மட்டை பீரோ மேலே போனது. ஷைனி மங்கல் கண்ணால் வீட்டுக்குள் தடவித் தடவி நடந்தாள். கதைப்புத்தகத்தை மூக்கில் இடிக்கிற அளவுக்குப் பிடித்துப் படித்தாள். அழவில்லை. “எப்பம்மா கோர்ட்டுக்குப் போலாம்?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“கண்ணு கொஞ்சம் இம்ப்ரூவ் ஆனதும்.”

நான்தான் சொன்னேன். என்ன செய்தால் விளையாட விடுவார்கள் என்பதையும் நானே சொல்லிவிட்டேன்.

மறுபரிசோதனைக்குப் போனோம். அங்கே கண் பார்க்கும் அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். ஷைனி திரைக்குப் பக்கத்து நாற்காலிக்குப் போனாள். “இங்கதாம்மா காத்து வருது” என்றாள். உள்ளே வேறு குழந்தைகள் ஒவ்வொருவராக எழுத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். வலது கண்ணுக்கு ஒரு பலகை, இடது கண்ணுக்கு வேறு எழுத்துகள். ஒரு கண்ணால் பார்த்ததை மற்றதற்கு ஒப்பித்துவிடக் கூடாது என்று கவனமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஷைனி தலையைத் திரையின் பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அலுத்துப்போய்ச் சாய்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் முறை வந்தது. வலது கண்ணை மூடினார்கள். ஷைனி கண்ணைச் சுருக்கினாள். முதல் வரி. நிறுத்தம். இரண்டாவது வரி. ஒரு யோசனை. போன தடவை நின்றுபோன இடத்தைத் தாண்டினாள். இன்னும் ஒரு வரி. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மாதாவே என்று மனசுக்குள் கூப்பிட்டேன்.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன்.

மடியில் இருந்த இடது கையில், கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது.

கடைசி வரியில் ஓர் எழுத்தைத் தவறாகச் சொன்னாள். “இல்ல இல்ல” என்று திருத்திக்கொண்டாள்.

“வெரி குட்!” என்றார் மருத்துவர். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். “நான் எதிர்பாத்தத விட நல்லா வந்திருக்கும்மா. ஒட்டு போடற நேரத்த பாதியா கொறச்சுக்கலாம். சாயந்திரம் வெளையாடட்டும், பாவம்.”

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். பலகையை மாத்தி இன்னொரு தடவை பாருங்க டாக்டர்... அவ்வளவுதான். என் கணவர் ஷைனியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இத்தனை நாள் பார்க்காத வெளிச்சம். நான் “தேங்க்யூ டாக்டர்” என்றேன்.

கணவர் அங்கிருந்தே அலுவலகம் போய்விட்டார். ஆட்டோவில் நானும் ஷைனியும் மட்டும். சிக்னலில் வண்டி நின்றபோது அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“கடைசி வரில ஒண்ணு வேணும்னே தப்பா சொன்னேன். கவனிச்சியாம்மா?”

அவள் குரலில் பயமோ குற்றமோ இல்லை. பாராட்டுக்குக் காத்திருந்தாள். நானும் அவளும் சேர்ந்து செய்த வேலை என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். நான் அழுததைக்கூட நடிப்பு என்று நினைத்தாளோ என்னவோ.

“கவனிச்சேன்” என்றேன். அவள் கன்னத்தைக் கிள்ளினேன்.

ஆறு வயதில் சொல்லிக்கொடுத்ததை விட இதுதான் பெரிய பாவம் என்று தோன்றுகிறது. அன்று எனக்கு விளைவு தெரியாது. ஆட்டோவில் எல்லாம் தெரியும்.

வீட்டில் நானே ஒருமுறை சோதித்துப் பார்க்க முயன்றேன். காகிதத்தில் சில எழுத்துகளை எழுதி, தள்ளி நின்று காட்டினேன். வலது கண்ணை மூடிக்கொண்டு ஷைனி கேட்டாள்: “எதுவரைக்கும் சொல்லணும்மா?”

காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். என் குழந்தைக்கு என்ன தெரிகிறது என்று என்னால் இனிக் கேட்க முடியாது. நான் கேட்டால் எனக்கு வேண்டிய பதிலைத்தான் அவள் தேடுவாள். அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

பழையபடி முழுநேரமும் ஒட்டைப் போடலாம் என்றால், “டாக்டர் ஆன்ட்டிதான் பாதி போதும்னாங்களே” என்கிறாள். “டாக்டரே சொல்லிட்டாங்க. நீ ஏன் கொழந்தைய படுத்தற?” என்கிறார் என் கணவர். மாலையில் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் குதித்துக் குதித்து ஆடுகிறாள். விட்டுவிடக் கூடாது என்று மருத்துவர் சொன்ன மாதங்கள் இவைதான். என் எதிரிலேயே போய்க்கொண்டிருக்கின்றன.

சாமியாரிடம் சொல்லலாமே என்பீர்கள். அங்கே மன்னிப்புக் கிடைத்துவிடும், அதுதான் பயம். செபம் சொல்லிவிட்டு லேசாகிப்போய் மறுபடியும் சும்மா இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அடுத்த பரிசோதனை நெருங்குகிறது. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கணவரிடமும், அந்தத் தெத்துப்பல் பெண்ணைத் தேடிப்போய் அவளிடமும். ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்னால் ஷைனியிடம் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியாமல் நான் மருத்துவரிடம் போய்ச் சொன்னால், சொல்லிக்கொடுத்தவளே காட்டிக்கொடுத்தாள் என்றாகிவிடும். அவளிடமே சொல்வதென்றால், நீ செய்தது தவறு என்று ஆரம்பிக்க எனக்கு உரிமை இல்லை. நான் செய்தது தவறு என்று ஆரம்பித்தால், உடனே அடுத்த கேள்வி கேட்பாள். கெட்டிக்காரப் பிள்ளை. “அப்போ அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருந்தா என் கண்ணு சரியாயிருக்குமாம்மா?” என்று கேட்பாள். அதற்கு நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

ஒன்பது வயதுக் குழந்தையின் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

பிள்ளை வளர்த்தவர்கள், பிள்ளையிடம் எப்போதாவது தலைகுனிந்து நின்றவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம், எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் அவளிடம் எப்படி ஆரம்பித்திருப்பீர்கள்? முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லுங்கள். மீதியை நானே சொல்லிக்கொள்கிறேன்.